பூந்தோட்டமும் உக்கிராணக் கணக்கும்: 75 சென்ட் வைத்திருக்கும் தம்பிக்கு

பணகுடிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன 75 சென்ட் இருக்கிறது, சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து பூ போடலாம் என்று நினைக்கிறேன், கிறிஸ்தவனாக அதை எப்படி நடத்துவது, ஞாயிற்றுக்கிழமை பறிக்கலாமா, கோயிலுக்குப் போகிற பூவை விற்கலாமா, எங்கள் சபையில் பெண்கள் பூவே வைப்பதில்லை, அப்படியிருக்க நான் பூ விளைவிப்பது தப்பா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஒரே மூச்சில் நாலு கேள்வி. நான் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில் 19 வருஷமாகப் பிச்சியும் (ஜாதிமல்லி) குண்டுமல்லியும் போட்டுத் தோவாளைப் பூச்சந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், சி.எஸ்.ஐ. சபைக்காரன், போதகர் இல்லை. அதனால் வேத விளக்கத்தை உங்கள் பாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்தில் அது எப்படி வந்து நிற்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. நம் பழைய வேதாகமத்தில் உக்கிராணக்காரன் என்று வருகிறதல்லவா, அதைச் சின்ன வயதில் எங்கள் தாத்தா கல்யாண வீட்டை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். கல்யாண வீட்டில் அரிசி, பருப்பு, தேங்காய், எண்ணெய் எல்லாம் அடுக்கியிருக்கிற அறை உக்கிராணம். அதன் சாவி ஒருத்தர் கையில் இருக்கும். ஒரு தேங்காய்கூட அவருடையது இல்லை, ஆனால் பந்தி நடுவில் சாம்பார் போதாமல் போனால் எல்லாரும் அவரைத்தான் தேடுவார்கள், மறுநாள் மிச்சம் எவ்வளவு என்று வீட்டுக்காரர் கேட்டால் அவர்தான் சொல்லவேண்டும். லூக்கா 16ஆம் அதிகாரத்தில் எஜமான் கேட்பதும் அதுதான், உன் உக்கிராணக் கணக்கை ஒப்புவி. விசுவாசத்தோடு தோட்டம் நடத்துவது என்றால் கேட்டில் வசனப் பலகை மாட்டுவது, தோட்டத்துக்கு எபிரெயப் பெயர் வைப்பது என்று பலர் தொடங்குகிறார்கள். வையுங்கள், தப்பில்லை. ஆனால் கணக்கு நோட்டு, தராசு, மருந்து டேங்க், பறிக்கிற பெண்களுக்குக் கூலி கொடுக்கிற நேரம், இந்த நாலில் இல்லாத விசுவாசம் பலகையில் இருந்து பிரயோஜனம் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

சரி, ஞாயிற்றுக்கிழமை. இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், இதற்குத்தான் சுத்தமான பதில் இல்லை. நெல்லோ வாழையோ என்றால் ஒரு நாள் தள்ளிப் போடலாம். மல்லிகை மொட்டு அப்படி இல்லை. விடியுமுன் மொட்டாகப் பறிக்கவேண்டும், விட்டால் அன்று சாயங்காலமே செடியிலே விரிந்துவிடும், விரிந்த பூவை மாலைக்காரர் தொடமாட்டார். வாரத்தில் ஒரு நாள் விட்டால் வருஷத்தில் 52 நாள் பூ, ஏழில் ஒரு பங்கு, அப்படியே உதிரும். அதிலும் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் வந்தால் சனி, ஞாயிறில்தான் விலை ஏறும். இன்னொன்று, செடியில் விரிந்து வாடுகிற பூவை அப்படியே விட்டால் பூச்சியும் பூஞ்சணமும் சேரும், யாராவது ஒருத்தர் அதைப் பறித்து அப்புறப்படுத்தத்தான் வேண்டும்.

நான் முதல் நாலு வருஷம் எல்லாரையும்போலப் பறித்தேன், 3 மணிக்கு இறங்கி 7 மணிக்கு ஏறி, குளித்துவிட்டு 8.30 ஆராதனைக்குப் போய்ப் பிரசங்கத்தில் தூங்கினேன். அப்புறம் ஒரு வருஷம் ஞாயிறு பறிப்பை அடியோடு நிறுத்திப் பார்த்தேன். எனக்கு ஓய்வு கிடைத்தது, பறிக்க வருகிற அஞ்சு பெண்களுக்கும் ஒரு நாள் கூலி போனது. என் பக்திக்கு அவர்கள் செலவு செய்தார்கள் என்று புரிய ஆறு மாதம் ஆனது. இப்போது நடப்பது இது: ஞாயிற்றுக்கிழமைப் பூ என்னுடையது இல்லை. யார் வரப் பிரியப்படுகிறார்களோ அவர்கள் வந்து பறித்து, அவர்களே சந்தைக்கு ஏற்றி, கமிஷன் போக வருகிற மொத்தப் பணத்தையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். நான் தோட்டத்துக்குள் இறங்குவதில்லை. இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, நீங்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். யாத்திராகமம் 20இல் ஓய்வு உனக்கு மட்டும் இல்லை, உன் வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மாட்டுக்கும் வாசலில் இருக்கிற அந்நியனுக்கும் என்றுதான் எழுதியிருக்கிறது. அதனால் கவாத்து (செடியை வெட்டிவிடுவது) முடிந்து பூ இல்லாத நாட்களில், வேலையே இல்லாவிட்டாலும், அவர்களுக்குப் பாதிக் கூலி ஓடுகிறமாதிரி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். முழு நியாயம் என்று சொல்லமாட்டேன். ஒரு தை மாத ஞாயிறு, கிலோ 2,000 ரூபாயைத் தாண்டிப் போனபோது என் வீட்டம்மா காப்பி டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒன்றும் பேசவில்லை.

தினமும் பறிக்கிற தொல்லையே வேண்டாம் என்றால் கேந்தி போடலாம். வடக்கே செண்டுமல்லி என்பார்கள். மூன்று நாளுக்கு ஒரு தடவை பறித்தால் போதும், ஞாயிறு தானாக விலகிக்கொள்ளும். செவ்வந்தியும் ஏறக்குறைய அப்படித்தான். விலை மல்லிகைக்குப் பக்கத்தில் வராது என்பது வேறு கதை.

கோயிலுக்குப் போகிற பூ. தம்பி, தோவாளைச் சந்தையில் உங்கள் மூட்டை பிரிந்தபிறகு எந்த மொட்டு எங்கே போகிறது என்று யாராலும் சொல்லமுடியாது. தோவாளை மாணிக்கமாலை திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகிறது, அதே சந்தைப் பூதான் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கும் போகிறது, தர்காவுக்கும் போகிறது, ஓணத்துக்கு மலையாளத்தார் வீட்டு முற்றத்துக்கும், யாரோ ஒருத்தர் இறந்த வீட்டு மாலைக்கும் போகிறது. கொரிந்தியர் சபையில் இதையேதான் இறைச்சிக் கடையை வைத்துக் கேட்டார்கள். கடையில் விற்கிற எதையும் வாங்கிச் சாப்பிடுங்கள், மனச்சாட்சிக்காக விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம், பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது என்று பவுல் எழுதினார் (1 கொரிந்தியர் 10). வாங்குகிறவனுக்குச் சொன்னது விற்கிறவனுக்கும் பொருந்துமா என்று தர்க்கம் பண்ணலாம்தான், எனக்குப் பொருந்துகிறது. என் பூவை வாங்குகிறவர் அதை எங்கே வைக்கிறார் என்று நான் காவல் காக்கமுடியாது, நான் கொடுத்த கிலோ கிலோவாக இருந்ததா என்பதுதான் என் பொறுப்பு. உங்கள் சபையில் பூ வைப்பதில்லை என்பதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் அலங்காரம் வேண்டாம் என்பது வேறு, செடி வளர்ப்பது வேறு. மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் காட்டுப்புஷ்பத்தைத்தான் காட்டினார், சாலொமோன் உடுத்தினதைவிட அது மேல் என்றார். ஆனாலும் உங்கள் மனசு உறுத்திக்கொண்டே இருந்தால் போடாதீர்கள், உறுத்தலோடு அதிகாலை 3 மணிக்கு எழுந்திருக்கமுடியாது. அதே நிலத்தில் முருங்கை போடுங்கள்.

கிலோ என்று சொன்னேனே, அதில்தான் பூ வியாபாரத்தின் சோதனை. மூட்டை கட்டுமுன் தண்ணீர் தெளிப்பது நம் பக்கம் சாதாரணம். வாடாமல் இருக்கக் கொஞ்சம் தெளிப்பது ஒன்று, எடை கூட நனைப்பது இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று தெளிக்கிற கைக்குத் தெரியும். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகள் 11 தொடங்குகிறது. என் அனுபவத்தில் ஒரு லாபமும் இருக்கிறது: தண்ணீரில் நனைக்காத பூ கொண்டுவருகிறவன் என்று பெயர் வந்துவிட்டால் பூ மலிந்து கிடக்கிற நாளிலும் உங்கள் மூட்டையை முதலில் பிரிப்பார்கள். இதை வசனத்தோடு சேர்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, லாபத்துக்காகச் செய்ததுமாதிரி ஆகிவிடும், ஆனால் நடப்பது அதுதான்.

கூலி. பறிகூலி கிலோ கணக்கில்தான். நல்ல கை ஒரு காலையில் மூன்று நாலு கிலோ பறிக்கும், மொட்டு சிறுத்த காலத்தில் அதுகூட வராது, ஒரு கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் மொட்டு வேண்டும். நான் ஆரம்பத்தில் சனிக்கிழமைதான் கூலி கொடுப்பேன், ஏனென்றால் கடைக்காரர் எனக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான் கணக்கு முடிப்பார். ஒரு புதன்கிழமை ஒரு அக்கா மாத்திரை வாங்கப் பணம் கேட்டார், சனிக்கிழமை தருகிறேன் அக்கா என்றேன், அவர் சரி என்று போய் வட்டிக்கு வாங்கியது பிறகு தெரிந்தது. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19இல் இருக்கிறது. எத்தனையோ தடவை நானே ஆலயத்தில் அந்தப் பாடத்தை வாசித்திருக்கிறேன், ஒரு தடவையும் அது நான் கொடுக்கிற கூலியைப் பற்றிப் பேசுகிறது என்று தோன்றியதில்லை. இப்போது பறிகூலிக்கென்று 5,000 ரூபாய் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும், எடை போட்டவுடன் கையில் கொடுத்துவிடுவோம். கடைப் பணம் வந்ததும் டப்பாவை நிரப்பிவிடவேண்டும். வீட்டுக்கு எடுத்தால் என் வீட்டம்மா விடமாட்டார். இருட்டில் பறிக்கிறவர்களுக்குத் தலையில் கட்டுகிற லைட்டும் முழங்கால் உயர பூட்ஸும் நீங்கள்தான் வாங்கிக் கொடுக்கவேண்டும், செடித் தூரில் விரியன் படுத்திருக்கும். இது தர்மம் இல்லை, இது செலவுக் கணக்கில் வரவேண்டியது.

மருந்து விஷயத்தில் நான் கொஞ்சம் கோபமாகவே பேசுவேன். பூ சாப்பிடுகிற பொருளா, அடித்தால் என்ன என்று மருந்துக்கடையில் சொல்வார்கள். சாயங்காலம் 5 மணிக்கு அடித்த மருந்தை விடியற்காலை 3 மணிக்குக் கையுறை இல்லாமல் தொடுகிறது ஒரு பெண், அப்புறம் கட்டுகிறவர், அப்புறம் தலையில் வைத்துக்கொள்கிற பிள்ளை, முகர்ந்து பார்க்கிற கிழவி. டப்பாவில் இருக்கிற முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை கடைசி. என் தோட்டத்துக்குள் சிவப்பு, மஞ்சள் வருவதில்லை. மருந்தே அடிக்காமல் இருக்கிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். மொட்டுப்புழு, மொட்டு ஈ, சிவப்புச் சிலந்தி மூன்றும்தான் மல்லிகைக்குப் பெரிய தலைவலி. மொட்டு ஊதா நிறமாகி அடியில் வீங்கினால் அது ஈ, அதன் கூட்டுப்புழு மண்ணில்தான் இருக்கும், அதனால் தூரைக் கிளறி வேப்பம் புண்ணாக்கு போட்டு, கெட்ட மொட்டுகளைச் சாக்கில் பறித்துத் தோட்டத்துக்கு வெளியே எரித்தாலே பாதி குறையும். சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். கட்டாயம் பூச்சிமருந்து அடிக்கவேண்டி வந்தால் லேபிளில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாள் பூவை விற்காமல் கீழே போடவேண்டும், அந்த நஷ்டம்தான் நம்மை அடுத்த தடவை யோசிக்கவைக்கும். ஆதியாகமம் 2:15இல் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் என்று இரண்டு வேலை சொல்லியிருக்கிறது, நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வேதத்தில் சொல்லியிருக்கிறபடி ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு விடவேண்டுமா என்றும் சிலர் கேட்பார்கள். மல்லிகை 12, 15 வருஷம் நிற்கிற செடி, அதற்கு ஏழாம் வருஷம் தண்ணீர் கட்டாமல் விட்டால் செடிக்கே ஓய்வாகிவிடும். நான் எழுத்தின்படி செய்வதில்லை. 15 சென்ட் மட்டும் எப்போதும் நிரந்தரச் செடி இல்லாமல் வைத்திருக்கிறேன், ஒரு போகம் கேந்தி, ஒரு போகம் சணப்பை விதைத்துப் பூக்கும்போதே பசுந்தாள் உரமாக மடக்கி உழுவது. கேந்தி போட்ட மண்ணில் வேரைத் தாக்குகிற நூற்புழு குறையும், அடுத்து வைக்கிற செடிக்கு நல்லது. அதேபோல ஓரத்தை முழுக்க அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விடு என்கிற லேவியராகமக் கட்டளைக்குப் பூவில் ஒரு வழி உண்டு. வைகாசி வாக்கில் பூ கொட்டும்போது விலை பறிகூலிக்குக்கூடக் கட்டாத நாட்கள் வரும். பல தோட்டங்களில் செடியிலேயே விட்டுவிடுவார்கள். அந்த நாட்களில் தோட்டத்தைத் திறந்துவிடுங்கள், பறிக்கிறவர்களே கொண்டுபோய்த் தொடுத்து முழம் போட்டு விற்றுக்கொள்ளட்டும். கிலோவுக்கு விலையில்லாத பூவும் முழத்துக்கு ஏதாவது தரும். போவாஸ் வயலில் ரூத் பொறுக்கியதும் ஏறக்குறைய இதுதானே.

இப்போது வயிற்றுக் கணக்கு, வேலையை விடுவதற்கு முன் இதைப் படியுங்கள். 40 சென்டில் குண்டுமல்லி, ஒன்றேகால் மீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் ஏறக்குறைய ஆயிரம் செடி. 20 சென்டில் பிச்சி, அது படர்வதால் 2 மீட்டருக்கு 1.5 மீட்டர், 270 செடி. மிச்சம் 15 நான் சொன்ன சுழற்சிக்கு. குண்டுமல்லி எக்டேருக்கு 8 டன் வரை வரும் என்று புத்தகக் கணக்கு, அப்படிப் பார்த்தால் 40 சென்டில் 1,300 கிலோ அளவு வரவேண்டும், நீங்கள் 800 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் மூன்றாம் வருஷம். மார்கழி, தையில் கிலோ ஆயிரக்கணக்கில் போவதைச் செய்தியில் பார்த்துவிட்டுப் பலர் வருகிறார்கள், குளிரில் பூ வராததால்தான் அந்த விலை, உங்கள் செடியிலும் அப்போது கால் கிலோதான் இருக்கும். வருஷச் சராசரி 250 ரூபாய் என்று கணக்கு போடுங்கள், 2 லட்சம், அதில் பறிகூலி, கமிஷன், வண்டி எல்லாம் போகப் பாதி நின்றால் பெரிது, எருவும் கரண்டும் அதற்குள்தான். அதனால் முதல் மூன்று வருஷம் வேலையை விடாதீர்கள். கட்டி முடிக்க வகையில்லாத கோபுரத்தைப் பற்றி லூக்கா 14இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார், முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பாருங்கள்.

கமிஷன் கடையில் முன்பணம் வாங்காதீர்கள். நான் மோட்டார் எரிந்த ஒரு கோடையில் 40,000 வாங்கினேன், அப்புறம் மூன்று வருஷம் அந்தக் கடையைத் தவிர வேறு கடைக்குப் பூ போடமுடியவில்லை, பக்கத்துக் கடையைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்தே சீட்டு வரும், கேட்டால் பூ சிறுத்திருக்கிறது என்பார். வட்டி இல்லாத கடன் என்று நினைத்தேன். பயிர்க்கடன் வேண்டுமானால் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, கொஞ்சம் அலையவேண்டும், அலையுங்கள்.

தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுப்பது, மொத்தத்திலா நிகரத்திலா என்பது எங்கள் ஊரில் தீராத சண்டை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், பறிகூலி பாக்கி வைத்துக்கொண்டு காணிக்கைப் பையில் போடக்கூடாது, அது பறித்தவரின் பணம். ஆலயத்துக்குப் பூ இனாமாகக் கேட்பார்கள், கொடுங்கள், ஆனால் நோட்டில் எழுதிவையுங்கள். அறுப்பின் பண்டிகைக்கு நான் ஒரு கூடை மல்லிகை கொண்டுபோவேன், ஏலத்தில் அது ஒரு வருஷம் தேங்காய்க் குலையைத் தோற்கடித்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை, பாவம்தான்.

மீதி சின்னச் சின்னது. மேற்கு ஓரத்தில் இப்போதே சவுக்கு அல்லது அகத்தி நடுங்கள், முப்பந்தல் காற்றாலையைச் சுற்றவைக்கிற அதே காற்று ஆனி, ஆடியில் மொட்டை உலர்த்திக் கேந்தியை ஒடித்துப் போட்டுவிடும். குண்டுமல்லிக் கவாத்து நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து முழ உயரம் விட்டு வெட்டுங்கள், மனசு இரங்காதீர்கள். பிச்சிக்கு ஜனவரி கடைசி. கல்லறைத் திருநாளுக்குக் கேந்தி வேண்டுமானால் ஆவணி பிறந்ததும் நாற்று விட்டுவிடுங்கள், நவம்பர் 2க்கு நல்ல பறிப்பில் இருக்கும். மல்லிகை நாற்றுக்குத் தங்கச்சிமடம்தான் பெயர் பெற்றது, மழை தொடங்குமுன் சொல்லிவையுங்கள், வேர் பார்த்து வாங்குங்கள், முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வேலையை விடுவதற்கு முன் லீவு போட்டு ஒரு வாரம் வந்து எங்களோடு பறித்துப் பாருங்கள். 3 மணிக்கு வரவேண்டும், டார்ச் கொண்டுவாருங்கள், பூட்ஸ் இங்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னிடம் கேட்கவேண்டாம், அன்றைக்குத் தோட்டத்துக்கு முதலாளி அந்த அக்காமார்தான்.